மைக்கே இல்லாத மேடையில் வளர்ந்த குரல்: கே.பி.சுந்தராம்பாளிடம் ரெக்கார்டிங் கற்றுக்கொள்ளலாமா?

ராத்திரி பத்து மணி. கள்ளக்குறிச்சியில் உங்கள் வீட்டு மாடி ரூம். சேலம் போகிற பஸ்களின் ஹாரன் கொஞ்சம் ஓய்ந்ததும் ஃபேனை நிறுத்துகிறீர்கள். காதில் ஹெட்போன், கையில் போன், கரோக்கி ட்ராக் ஓடுகிறது. பாடும்போது உடம்பே சிலிர்த்தது. திருப்பிப் போட்டுக் கேட்டால் பல்லவி கிணற்றுக்குள் இருந்து வருகிறது. சரணத்தில் குரலை உச்சத்துக்குத் தூக்கிய இடம் கரகரவென்று உடைகிறது. ‘ப’ வருகிற இடமெல்லாம் டொப் டொப்பென்று காற்று அடிக்கிறது. உடனே நமக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நல்ல மைக் வாங்கணும். ஆன்லைன் கார்ட்டில் ஒன்று ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும்.

வாங்குங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் ஒருவருடைய கதையைக் கேட்டுவிடுங்கள். அவர் பாட ஆரம்பித்தபோது மைக் என்ற பொருளையே பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், 61 வயதில் பாடிய சினிமா பாட்டுக்கு தேசிய விருது வாங்கினார். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். சுருக்கமாக, கே.பி.எஸ். இன்ஷியலில் இருக்கிற ‘பி’ அம்மாவின் பெயர் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் பிடிபடவில்லையா? ‘திருவிளையாடல்’ படத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிவிட்ட முருகனைச் சமாதானப்படுத்த ஒரு பாட்டி வருவாரே, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். அவர்தான்.

1908-ல் காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தவர். வீட்டில் வறுமை. சின்ன வயதிலேயே ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். அப்படி ஒரு ரயில் பயணத்தில்தான் அவர் குரல், ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி.நடேச அய்யரின் காதில் விழுந்தது என்பார்கள். பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனி, குழந்தை வேஷங்கள், அப்புறம் பெரிய வேஷங்கள்.

ரயிலில் பாடுவதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். தண்டவாளச் சத்தம், ஜன்னல் காற்று, நூறு பேர் பேச்சு. சுற்றிலும் சத்தம் அதிகமானால் நாம் கேட்காமலேயே நம் குரல் உயர்ந்துவிடும். 1911-ல் லம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் இதை எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே ‘லம்பார்ட் விளைவு’ என்கிறார்கள். ரயிலில் பாடும் சிறுமிக்கு அது சாப்பாட்டுப் பிரச்னை. கத்தினால் அரைமணி நேரத்தில் தொண்டை போய்விடும், கத்தாமல் பாடினால் யாருக்கும் கேட்காது, காசு விழாது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தொண்டை கண்டுபிடித்தாக வேண்டும்.

உங்கள் மாடி ரூமிலும் இதே விளைவுதான் நடக்கிறது, தலைகீழாக. ஹெட்போனில் ட்ராக்கை அலறவிட்டு, அதை ஜெயிக்க நீங்கள் கத்துகிறீர்கள். போனுக்கு அந்த ட்ராக் கேட்பதில்லை. அது பதிவு செய்வது உங்கள் கத்தலை மட்டும். ட்ராக்கின் சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஒரு காதில் இருந்து ஹெட்போனைச் சற்றே விலக்கிவிடுங்கள். சுருதி விலகுவதுகூடப் பாதி சரியாகிவிடும், ஏனென்றால் இப்போதுதான் உங்கள் குரல் உங்களுக்கே கேட்கிறது.

நாடக மேடைக்கு வருவோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து விடியும்வரை நடந்த நாடகங்கள் அவை. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. ஓரமாக ஹார்மோனியம், மிருதங்கம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டின் வார்த்தை புரிய வேண்டும், இல்லாவிட்டால் விசில் வராது, வேறு ஏதாவது பறந்து வரும். அதனால் நடிகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினார்கள். ‘எட்டுக்கட்டை குரல்’ என்று வீட்டில் பெரியவர்கள் யாரையாவது புகழ்வது அந்தக் காலத்து மிச்சம்தான்.

கட்டை என்றால் ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. ஒரு கட்டை என்பது மேற்கத்திய இசையின் ‘சி’, இரண்டு ‘டி’, இப்படியே ஐந்து கட்டை என்றால் ‘ஜி’. பொதுவாகப் பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டியும், ஆண்கள் ஒன்று, இரண்டை ஒட்டியும் சுருதி வைத்துக்கொள்வார்கள். உங்கள் கட்டை எது என்று தெரியுமா? போனில் இலவசமாகவே தம்புரா ஆப் கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, கீழே போகும்போது குரல் அடங்கிப்போகாமலும் மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைக்காமலும் இருக்கிற இடத்தைத் தேடுங்கள். கரோக்கி ட்ராக் யாரோ ஒரு பின்னணிப் பாடகரின் சுருதியில் இருக்கிறது. அதை ஒன்றிரண்டு படி இறக்கிக்கொள்வது அவமானம் கிடையாது. கரோக்கி ஆப்கள் பலவற்றில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

கே.பி.எஸ் நாடகம் போட இலங்கைக்குப் போனார். அங்கேதான் 1926-ல் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்க ஆரம்பித்தார். செங்கோட்டைக்காரர், அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார், வயது இருபது. உச்ச ஸ்தாயியில் அவருக்கு ஈடு கிடையாது, பெண் நடிகர்கள் அவரோடு போட்டிபோட்டுப் பாடத் தயங்குவார்கள் என்று பேர். கே.பி.எஸ் தயங்கவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வாழ்க்கை நிம்மதியாக இருக்கவில்லை. ஆனால், மேடையில் அந்த ஜோடிக்குக் கூடிய கூட்டத்தைப் பற்றித் தமிழ் நாடக உலகம் இன்றுவரை பேசுகிறது.

அவர்களுடைய பெரிய நாடகம், சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைந்து நிற்கும் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். ஒரு சரிவில் இருந்து எதிர்ச் சரிவில் இருப்பவரைக் கூப்பிடும்போது யாரும் தொண்டையை இறுக்கிக் கத்துவதில்லை. வாயைத் திறந்து, ‘ஓ’, ‘ஏ’ என்று உயிரெழுத்தை நீட்டி, மூச்சில் ஏற்றி அனுப்புவார்கள். நாடக வள்ளியின் குரலும் அப்படிப் பிறந்ததுதான்.

வெள்ளிமலைக்கோ மேகம் அருவிக்கோ போய் அங்கேயே பாடி ரீல்ஸ் எடுக்கலாம் என்று இப்போது கை பரபரக்கும். எடுங்கள். ஆனால், காதுக்கு இதமான மலைக்காற்று போன் மைக்குக்குள் நுழைந்தால் லாரி இன்ஜின் மாதிரி உறுமும். வீடியோவை அங்கே எடுத்துவிட்டு, குரலை வீட்டில் தனியாகப் பதிவு செய்து சேர்ப்பது நல்லது. அங்கேயேதான் பதிவு செய்வேன் என்றால், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உடம்பால் போனை மறைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் விடியவிடியப் பாடியவர்களை இசைத்தட்டு கூப்பிட்டது. மூன்று நிமிஷம், அவ்வளவுதான் ஒரு பக்கம். 78 வேகத்தில் சுற்றும் பத்து அங்குலத் தட்டில் அதற்கு மேல் இடமில்லை. மேடையில் ஒரே வரியை இருபது விதமாகச் சுற்றிச் சுற்றிப் பாடிக் கைதட்டல் வாங்கியவர்கள், இங்கே சுற்ற முடியாது. தப்பு செய்தால் வெட்டி ஒட்டவும் முடியாது. முதலில் இருந்து பாட வேண்டும். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடிய காலத்தில் மைக்கூடக் கிடையாது, பெரிய புனலுக்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். ச, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் அதில் தேய்ந்தே போய்விடும். 1925 வாக்கில் மைக் வைத்துப் பதியும் முறை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி மாதிரியானவர்கள் அந்த மைக்கைக் காதலி காது மாதிரி நினைத்து, பக்கத்தில் போய் மென்மையாகப் பாட ஆரம்பித்தார்கள். தமிழில் அந்த வழியின் அழகான உதாரணம் பின்னால் வந்த ஏ.எம்.ராஜா.

கே.பி.எஸ் அந்த வழிக்குப் போகவே இல்லை. இன்றைக்கு ரீல்ஸில் பாதிப் பேர் ஒரே மாதிரி காற்றும் முனகலுமாகப் பாடுகிறார்கள், மைக் என்றால் அப்படித்தான் பாட வேண்டும் போலிருக்கிறது என்று மற்றவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். மென்மை உங்கள் குரலின் இயல்பு என்றால் சரி. கணீர் குரலை வைத்துக்கொண்டு அதைத் தலையணையில் அமுக்கிப் பாடுவதுதான் எனக்குப் புரியவில்லை. அவர் கணீர் குரலைக் கணீரென்றே கடைசிவரை வைத்திருந்தார்.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா இறந்தார். 27 வயதுதான். கே.பி.எஸ்ஸுக்கு 25. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். நாடக உலகில் அந்த முடிவின் விலை என்னவென்று யோசியுங்கள். அன்றைய நாடகமே ஜோடிகளின் போட்டிப் பாட்டில்தான் ஓடியது. காதல் காட்சி வேண்டாம், ஜோடி வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது தொண்டை மட்டும். கொஞ்ச காலம் மேடைப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தபோது, வாழ்க்கை முழுவதையும் அந்தக் குரல் ஒன்றின் மேல் வைத்துத்தான் வந்தார்.

1935-ல் ‘நந்தனார்’ படம். நந்தனாராக, ஆண் வேஷத்தில் அவரே. பட முதலாளி விடாமல் கேட்டதால், ஆளை விரட்டுவதற்காகவே யாரும் கொடுக்க மாட்டாத தொகையாக ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. காரணம் எதுவோ, அந்த ஒரு லட்சம் சம்பளம் சினிமா சரித்திரத்தில் ஏறிவிட்டது. கர்நாடக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர் அதில் வேதியராக நடித்தார்.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் பின்னணி என்ற பழக்கம் இன்னும் வரவில்லை. கேமரா ஓடும்போதே நடித்துக்கொண்டே பாட வேண்டும். கேமராவில் தெரியாத இடத்தில் மைக், மறைவாக வாத்தியக்காரர்கள். மேடையில் கடைசி வரிசையை நோக்கிப் பாடிய குரலுக்கு இப்போது கடைசி வரிசை தலைக்கு மேலேயே தொங்குகிறது. அத்தனை நாடக நட்சத்திரங்களுக்கும் அந்த மாற்றம் பெரிய சோதனை. சத்தத்தைக் குறைக்கலாம். ஆனால், மேடையில் பழகிய மூச்சை, உச்சரிப்பைக் குறைத்துவிட்டால் குரலில் உயிர் இருக்காது.

இந்த இடத்தில்தான் நம் போனுக்கான ஒரு கணக்கு வருகிறது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், மைக்கில் விழும் ஒலியழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். பாட்டி காலத்து அளவே போதும். சாதாரண வரிகளுக்கு ஒரு சாண் தூரம். உச்சத்துக்குப் போகும் வரிகளில் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு முழம். ஒரு முழம் என்பது இரண்டு சாண்தானே? குரலை அமுக்காமல், தூரத்தால் சத்தத்தைச் சமன் செய்கிறீர்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டால் இது நடக்காது, புத்தகங்களை அடுக்கி அதன் மேல் சாய்த்து வையுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும், அந்தப் பக்கம் உங்களைப் பார்க்கட்டும். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்தால் ‘ப’வின் காற்று மைக்கில் மோதாமல் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று. பதிவைத் தொடங்கும் முன் பாட்டின் மிக உயர்ந்த வரியை மட்டும் முதலில் பாடிச் சோதியுங்கள். நாம் எல்லோரும் பல்லவியைப் பாடி லெவல் பார்த்துவிட்டு, சரணத்தில் மாட்டிக்கொள்கிறோம். உச்சத்தில் உடைந்த ஒலியை எந்த ஆப்பாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. சில ரெக்கார்டிங் ஆப்கள் சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும். நீங்கள் மூச்சு விடும் இடைவெளியில் தெருநாய் குரைப்பது திடீரென்று பெரிதாகக் கேட்பது அதனால்தான். செட்டிங்ஸில் அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். கிணற்றுக்குள் இருந்து கேட்கிறது என்றோமே, அது டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் செய்கிற வேலை. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். செலவு பூஜ்யம்.

கே.பி.எஸ் நடித்த படங்கள் குறைவு. 1940-ல் ‘மணிமேகலை’. நடுவில் காங்கிரஸ் மேடைகள். தலைவர் பேசுவதற்கு முன் அவர் பாடினால் கூட்டம் அசையாது. தேசபக்திப் பாடல்கள் இசைத்தட்டாகவும் வந்தன. பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். 1953-ல் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி தயாரித்த ‘ஔவையார்’. 45 வயதில் கிழவி வேஷம். படம் முழுக்கப் பாட்டு. அதற்குள் பாட்டை முதலில் பதிவு செய்து, அதற்கு வாயசைத்து நடிக்கிற முறை வழக்கமாகியிருந்தது. வாயசைப்பது அவர், குரலும் அவருடையதே.

1964-ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’. இசை கே.வி.மகாதேவன். கே.பி.எஸ்ஸுக்கு 57 வயது. அந்த முருகன் காட்சிப் பாட்டை நான் சமீபத்தில் ஹெட்போனில் கேட்டேன். டிவியில் நூறு தடவை கேட்டும் கவனிக்காத விஷயங்கள் அதில் இருக்கின்றன. தாளம் இல்லாமல், கூப்பிடுவது மாதிரி ஆரம்பிக்கிறார். ஒரு வார்த்தையும் முழுங்கப்படவில்லை. ‘ழ’ ழவாகவே இருக்கிறது, ‘ற’ கல்லில் உரசிய மாதிரி விழுகிறது. நீட்டும்போது உயிரெழுத்தில் நின்று நீட்டுகிறார், மெய்யெழுத்தைக் கடைசியில் டக்கென்று சாத்துகிறார். மூச்சு வாங்குவது அர்த்தம் முடிகிற இடத்தில். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் மெலிவதில்லை, அகலமாகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாடியே பழகிய உச்சரிப்பு, தன் முன்னால் நிற்கும் மைக்குக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

நாம் என்ன செய்கிறோம்? பாட்டை ஒரிஜினலில் கேட்டபடி மெட்டோடு சேர்த்து மனப்பாடம் செய்கிறோம், ஒரிஜினல் பாடகர் முழுங்கிய எழுத்தையும் சேர்த்து. ஒரு முறை மெட்டே இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பத்தி வாசிப்பது மாதிரி வரிகளைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்று உடனே தெரியும். அந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பிறகு பாடுங்கள்.

குரலை இப்படிக் கணீரென்று வைத்திருக்க உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சத்தைத் தொடாதீர்கள். பத்து நிமிஷம் கீழ் ஸ்தாயியில் அகார சாதகம், அதாவது ‘ஆ’ என்று மட்டும் நீட்டிப் பாடுவது. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். பாடும்போது வலிக்கிறது என்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். தொண்டைக் கட்டு இரண்டு, மூன்று வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் மிளகுப் பாலை நம்பிக்கொண்டிருக்காமல் இ.என்.டி டாக்டரைப் பாருங்கள்.

1969-ல் ‘துணைவன்’ வந்தது. மறுபடியும் கே.வி.மகாதேவன் இசை, மறுபடியும் முருகன். அந்தப் படத்துக்காக கே.பி.எஸ்ஸுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த விருதை முதன்முதலாக வாங்கியவர் பி.சுசீலா, அடுத்தது இவர். 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் இறந்தார். கிட்டப்பா போன பிறகு அவர் வாழ்ந்தது 47 வருஷம் கிட்டத்தட்ட. கடைசிவரை வெள்ளைப் புடவைதான், ஜோடிப் பாட்டும் கிடையாது.

இன்று ராத்திரி ஃபேனை நிறுத்தும் முன் அந்த ‘திருவிளையாடல்’ பாட்டை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை பென்சிலோடு, அவர் மூச்சு வாங்கும் இடங்களை மட்டும் எண்ணிக்கொண்டே. பிறகு போனை ஒரு சாண் தள்ளி வைத்து, உங்கள் கட்டையில் ஆரம்பியுங்கள்.